அதிர்வுதாங்கி வாங்குமுன் பின்னிருக்கையில் அமர்ந்து பாருங்கள்



தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் மகிழுந்தின் அதிர்வுதாங்கிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். தோட்டப்புறப் பள்ளிகளில் பணியாற்றும் நண்பர்கள் பலர் இன்று நாற்சக்கர இயக்க வாகனம் வைத்திருக்கின்றனர். 'எந்த அப்சோபர் போடலாம்?' என்பது ஆசிரியர் அறையில் அடிக்கடி எழும் கேள்வி. இவ்வாண்டு அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய் நான் ஒரு பிழை செய்தேன். அதன் வலியை என் தாயார் தாங்க நேர்ந்தது. அதனால்தான் இதனை எழுதுகிறேன்.

என் வீடு கிள்ளானில். தாயார் இருப்பதோ கோலலங்காட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் பழைய வீட்டில். எவ்வளவு அழைத்தும் அவ்வீட்டை விட்டு வர மறுக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவருடைய முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கிவிட்டது. எலும்பு மெலிவு நோயும் உண்டு. மாதம் ஒருமுறை அவரைக் கிள்ளானுக்கு மருத்துவரிடம் அழைத்து வர வேண்டும். தார்ச்சாலையை அடையுமுன் நான்கு கிலோமீட்டர் செம்மண் சாலை. குலை ஏற்றிச் செல்லும் லாரிகள் பறித்த குழிகள் ஒருபுறம், தகரக் கூரைபோல் வரிவரியாக எழுந்த மேடுகள் மறுபுறம். இந்தச் சாலையை எண்ணித்தான் 2012ஆம் ஆண்டுத் தயாரிப்பான பழைய டொயோட்டா ஃபார்ச்சூனர் ஒன்றை வாங்கினேன்.

வண்டி 160,000 கிலோமீட்டரைக் கடந்தபோது பின்புற அதிர்வுதாங்கிகளில் எண்ணெய் கசிந்தது. வேகத்தடையைக் கடந்த பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை துள்ளியது. சக்கரங்களின் தேய்மானமும் ஒரே சீராக இல்லை. இந்த மூன்று அறிகுறிகளில் ஒன்றைக் கண்டாலும் பட்டறைக்குச் சென்றுவிடுங்கள். அதிர்வுதாங்கி பழுதானால் பயணம் கெடுவதோடு, அவசரமாக நிறுத்தும்போது சக்கரம் சாலையைச் சரியாகப் பற்றாமலும் போகும்.

அதிர்வுதாங்கி செய்யும் வேலையை நம்மில் பலர் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறோம். வண்டியின் எடையைச் சுமப்பது சுருள்வில். அமுக்கப்பட்ட வில் விடுபட்டதும், ஊஞ்சலைப்போல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே அதிர்வுதாங்கி. குழாய்க்குள் எண்ணெய் இருக்கும். அதனுள் நகரும் உந்துதண்டின் சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கி வெளியேறும். அந்தத் தடையினால் அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. வரிமேட்டுச் சாலையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெய் சூடேறி இளகிவிடும், நுரைக்கவும் செய்யும். அப்போது அடக்கும் ஆற்றல் குறைகிறது. நுரையைக் கட்டுப்படுத்தவே நைட்ரஜன் வாயு அடைத்த வகைகள் வந்தன.

துளைகளின் வழியை வேண்டிய அளவு குறைக்கவும் கூட்டவும் இடமளிப்பதே சரிசெய்யக்கூடிய அதிர்வுதாங்கி. இதிலும் பல வகைகள் உண்டு. நெதர்லாந்தின் கோனி நிறுவனம் 1857இல் குதிரை வண்டிச் சாதனங்கள் செய்யத் தொடங்கிப் பின்னர் இத்துறைக்கு வந்தது. அதன் பழைய வகைகள் பலவற்றை வண்டியிலிருந்து கழற்றி, முழுவதும் அமுக்கித் திருப்பினால்தான் நிலை மாறும். அமெரிக்காவின் ரேஞ்சோ ஆர்.எஸ். 9000 எக்ஸ்.எல். வகையில் வெளியிலேயே திருகு உண்டு. அதில் 1 மிக மென்மை, 9 மிகக் கடினம். ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் ஈமு பி.பி. 51 வகையில் அமுங்கும்போது உள்ள தடையையும் மீளும்போது உள்ள தடையையும் தனித்தனியே மாற்றலாம். விலையும் அதற்கேற்ப உயரும்.

நான் வாங்கியதும் 9 நிலைத் திருகு கொண்டதுதான். எந்த நிறுவனத்தினது என்பது இங்கு வேண்டாம். பிழை பொருளினுடையதன்று, என்னுடையது.

காட்டுப் பயணங்களில் ஆர்வமுள்ள நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. 1997இல் நம் நாட்டில் தொடங்கிய மழைக்காட்டுச் சவால் போட்டியைப் பற்றிப் பேசினால் அவருக்கு நேரம் போவதே தெரியாது. "ஏழில் வையுங்கள் சார், வண்டி கல்லு மாதிரி நிற்கும்" என்றார். வைத்தேன். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். வளைவில் சாயவில்லை, தடம் மாறும்போது ஆடவில்லை. நானே வடிவமைத்த வண்டிபோல் பெருமை வேறு!

அடுத்த வாரம் தாயாரை அழைத்து வந்தேன். செம்மண் சாலையிலும் வண்டி உறுதியாகவே சென்றது. "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்குப்பா" என்றார். மருத்துவரைப் பார்த்து, மருந்து வாங்கி, மாலையில் திரும்ப விட்டுவிட்டு வந்தேன்.

அன்றிரவு என் மகள் மெதுவாக வந்து நின்றாள். "அப்பா, பாட்டி வழியெல்லாம் கண்ணை மூடிக்கிட்டே வந்தாங்க. ரெண்டு கையாலயும் மேல இருக்கிற பிடியைப் பிடிச்சிருந்தாங்க. அழுதாங்கப்பா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க."

அந்த இரவு எனக்கு உறக்கமில்லை. மகன் ஆசையாய்ப் பணம் செலவழித்து மாற்றிய பொருள் என்பதால் அந்தத் தாய் தன் முதுகு வலியை மறைத்திருக்கிறார்!

மறுநாள் பள்ளி முடிந்ததும் கிள்ளானில் எனக்குப் பழக்கமான பட்டறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அந்த அண்ணன் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார், நீங்க எந்த சீட்ல உட்கார்ந்து இதை செட் பண்ணீங்க?"

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஓட்டுநர் இருக்கை நான்கு சக்கரங்களுக்கும் இடையே இருக்கிறது. பின்னிருக்கையோ பின் அச்சின் அருகில். மேலும் இது ஏழு பேருக்கான வண்டி. ஏழு பேரும் அவர்கள் மூட்டைகளும் ஏறினாலும் தாங்குமாறு பின்புற வில் அமைந்திருக்கிறது. ஒரு மூதாட்டியும் ஒரு சிறுமியும் மட்டும் அமர்ந்தால் அந்த வில் அசையவே தயங்கும். அதன்மேல் நான் அதிர்வுதாங்கியையும் இறுக்கி வைத்தால், ஒவ்வொரு மேடும் நேராக முதுகெலும்பில்தான் இடிக்கும். அண்ணன் சக்கரக் காற்றையும் அளந்தார். கதவோரத் தகட்டில் குறித்திருந்ததைவிட 8 பி.எஸ்.ஐ. கூடுதலாக இருந்தது. அதுவும் என் கவனக்குறைவே.

அந்தச் சனிக்கிழமை மனைவியை வண்டி ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னிருக்கையில் அமர்ந்தேன். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். அதே நான்கு கிலோமீட்டர் சாலை, அதே வேகம். காற்றைச் சரியான அளவுக்குக் குறைத்தபின், திருகை 7, 5, 3, 2, 1 என்று ஒவ்வொரு நிலையாக மாற்றி, எங்கே இடித்தது, எங்கே ஆடியது என்று எழுதினேன். ஏழாம் நிலையில் என் முதுகே வலித்தது. ஒன்றாம் நிலையில் இடி இல்லை, ஆனால் பெரிய குழிக்குப் பின் வண்டி மிதந்து ஆடியது. அந்த ஆட்டமும் நோயாளிக்கு ஆகாது. முன்புறம் 3, பின்புறம் 2 என்பதே தாயாருக்கு ஏற்றது என முடிவு செய்தேன். எழுவரும் பயணப்பெட்டிகளும் ஏறும் நாளில் பின்புறத்தை 6க்கு மாற்றுகிறேன். மாற்ற ஆகும் நேரம் ஐந்தே நிமிடம்.

நண்பர்களே, வகுப்பில் முன்வரிசை மாணவன் தலையாட்டினால் பாடம் புரிந்துவிட்டது என்று நாமும் எத்தனை முறை எண்ணியிருக்கிறோம்! கடைசி வரிசையில் இருப்பவன் கேட்டாலும் 'புரிகிறது சார்' என்றுதான் சொல்லுவான், என் தாயார் 'நல்லாத்தான் இருக்கு' என்று சொன்னதைப்போல.

வாங்க எண்ணுவோருக்கு என் பட்டறிவில் சில குறிப்புகள்:

முதலாவது, பின்னிருக்கையில் யார், எத்தனை பேர், எந்தச் சாலையில் அதிகம் பயணம் செய்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். சுமை பெரிதும் மாறாத வண்டிக்குச் சரிசெய்யும் வகை தேவையே இல்லை. நல்ல தரமான சாதாரண வகையே போதும். திருகைத் திருப்பப் போவதில்லை என்றால் அதற்குப் பணம் கொடுப்பது வீண்.

இரண்டாவது, திருகு எதை மாற்றுகிறது என்று கேளுங்கள். சிலவற்றில் மீளும்போது உள்ள தடை மட்டுமே மாறும். சிலவற்றில் இரண்டும் மாறும். கழற்றாமல் மாற்ற முடியுமா என்பதையும் கேளுங்கள்.

மூன்றாவது, ஒரே அச்சில் இடமும் வலமும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். மாற்றும்போதும் இணையாகவே மாற்றுங்கள். ரப்பர் புஷ்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காவது, ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளில் முன்புற அதிர்வுதாங்கி சுருள்வில்லுக்குள் இருக்கும். அமுக்கப்பட்ட வில் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் கழற்ற முயலாதீர்கள். மாற்றிய பிறகு சக்கர நேர்சீரமைப்பும் செய்ய வேண்டும்.

ஐந்தாவது, 'கூடவே இரண்டு அங்குலம் உயர்த்திவிடலாம்' என்று ஆசை காட்டுவார்கள். உயரத்தை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் விதிகள் உண்டு. காப்புறுதியிலும் சிக்கல் வரலாம். வயதானவர்கள் ஏறி இறங்கவும் முடியாது.

சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம் தாயார் பிரிக்பீல்ட்ஸ் போக வேண்டும் என்றார். விழுந்த நாளிலிருந்து அவர் கோலாலம்பூர் பக்கம் வந்ததே இல்லை. துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைகளையும் புடவைக் கடைகளையும் பார்க்க வேண்டுமாம். எனக்கு அச்சம்தான். திருகை இருமுறை சரிபார்த்துவிட்டுப் புறப்பட்டேன்.

செம்மண் சாலையைக் கடந்தோம். பின்னாலிருந்து ஒலி ஏதும் இல்லை. மீண்டும் வலியை மறைக்கிறாரோ என்று நெஞ்சு பதறியது. கூட்டரசு நெடுஞ்சாலையில் சுபாங்கைத் தாண்டியபோது, இம்முறை அவரைக் கேட்காமல் மகளைக் கேட்டேன்.

"பாட்டி தூங்குறாங்கப்பா. சத்தம் போடாதீங்க."

மின்னல் பண்பலையின் ஒலியைக் குறைத்துவிட்டு மெதுவாக ஓட்டினேன்.

உங்கள் வண்டியிலும் ஒருநாள் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னிருக்கையில் அமர்ந்து பாருங்கள். உங்கள் பட்டறிவையும் எழுதுங்கள், மற்றவர்களுக்குப் பயன்படும்.