எடைக்கு வந்த புத்தகங்கள்

மூட்டை வந்து இறங்கியதும் அக்கா முதலில் தராசைத் தொடுவதில்லை. துணியை எடுக்கிறார். அத்திப்பட்டில் எந்தப் பொருளுக்கும் முதல் வேலை துடைப்பதுதான். வடசென்னை அனல்மின் நிலையம் 1994-ல் ஓடத் தொடங்கியது. இன்று காமராஜர் துறைமுகம் என்று பெயர் பெற்றிருக்கும் எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் வந்தது. ஒன்றின் சாம்பலும் மற்றதன் நிலக்கரித் தூளும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் சேர்ந்து, வீட்டு அலமாரிக்குள் அடுக்கி வைத்த புத்தகத்தின் தலையில்கூடப் படிந்துவிடுகின்றன. அக்கா துணியால் ஒரு இழுப்பு இழுக்கிறார். மஞ்சள் வருகிறது, சிவப்பு வருகிறது, ஒரு பெண்ணின் முகம் வருகிறது, அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. ஸ்டேஷனை விட்டு வரும் சாலையில், டீக்கடைக்கு எதிர்ச்சாரியில் அக்காவின் இந்தப் பழைய பேப்பர் கடை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் கடை முழுதும் தெரியும். உள்ளே கட்டுக்கட்டாகச் செய்தித்தாள், மடித்துக் கட்டிய அட்டைப் பெட்டி, பால் கவர், பாட்டில். வாசலோரத்தில் மட்டும், மழை வந்தால் தார்ப்பாயை இழுத்துவிடத் தோதாக, ஒரு கட்டில் நீளத்துக்குப் புத்தகங்கள். அவை எடைக்கு வந்தவை. ஆனால் எடைக்குப் போவதில்லை.

பிரிப்பதற்கு அக்காவிடம் ஒரு முறை இருக்கிறது. 'பரீட்சை' ஒரு பக்கம்: ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பாடநூல்கள், குரூப் 4 கைடுகள். 'சாமி' ஒரு பக்கம். அதில் கந்தர் சஷ்டி கவசமும் பைபிளும் துஆ புத்தகமும் ஒன்றன்மேல் ஒன்று. 'பொம்மை' என்றால் காமிக்ஸ். 'பெரிசு' என்று ஓர் ஒல்லியான அடுக்கு. நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை என்று பெரிய எழுத்துப் புத்தகங்கள். இங்கிருந்து ரயிலேறினால் எட்டிவிடும் கொண்டித்தோப்பில் இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் தலைமுறை தலைமுறையாக அச்சிட்டு ஊரெல்லாம் அனுப்பியவை. ஒருவர் உரக்கப் படிக்கச் சுற்றிலும் பத்துப் பேர் கேட்ட புத்தகங்கள். மிச்சமெல்லாம் 'கதை'. ராஜேஷ்குமாரும் ரமணிசந்திரனும் அசோகமித்திரனும் சுஜாதாவும் டால்ஸ்டாயும் அந்த ஒரே அடுக்கில்தான் கிடக்கிறார்கள். யாருக்கும் தனி மேடை இல்லை.

சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். 1931-ல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை எழுதினார். 1933-ல் வெளியிட்ட பகுப்புமுறையில் உலகத்து அறிவையெல்லாம் எண்ணும் எழுத்தும் புள்ளியுமாகக் கூறு போட்டார். அந்தப் பகுப்புமுறையை விட ஐந்து விதிகளில் மூன்றாவதே எனக்குப் பெரிது: எந்த நூலுக்கும் அதற்கென்று ஒரு வாசகர் உண்டு, அவரிடம் அதைச் சேர்க்க வேண்டும். அவர் விதிகளை எழுதிய அதே 1931-ல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து ஒரு மாட்டுவண்டி புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகக் கிளம்பியது. அக்காவிடம் மாட்டுவண்டி இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே அந்த மூன்றாவது விதியை நடத்திக்கொண்டிருக்கிறார்.

முதலில் வந்தவர் ஷிப்டு முடித்து வரும் ஒரு பெண். கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் சாப்பாட்டுக் கூடை. குடும்ப நாவல்களாகப் பார்த்துப் பார்த்து எடுக்கிறார். ஒன்றைப் பிரித்தார், முதல் பக்கத்தில் நாலு வரி ஓட்டினார், மூடினார்.

"இது படிச்சதுக்கா."

"பேரு புச்சா இருக்குதே?"

"பேரு இன்னாவா இருந்தா இன்னா? அவன் கார்ல வந்து எறங்குவான், இவ மொறைப்பா. அதேதான்." இன்னொன்றை எடுத்துக் காட்டினார். "இதையும் போன வருசம் உங்கிட்டதான் வாங்கினேன். இதுல அவ கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைய வுடல. மாமியார் கேக்குறா, புருசன் கேக்குறான், வுடல. அதுக்காகவே ரெண்டு வாட்டி படிச்சேன். வேற யாருக்காவது குடு."

அக்கா அந்தப் புத்தகத்தை அடுக்கின் மேலே, அட்டை தெரிகிற மாதிரி வைத்தார்.

இதைவிடத் துல்லியமான மதிப்புரை ஒன்றை அந்த நாவலுக்கு யாரும் எழுதியிருக்க வாய்ப்பில்லை. கதை எங்கே தேய்ந்த தடத்தில் போகிறது, எந்த இடத்தில் தடம் மாறுகிறது, மாறியது எந்தப் பெண்ணுக்கு ஏன் வேண்டியிருந்தது: மூன்றும் அதில் இருந்தன. மாத நாவல்களை இலக்கிய இதழ்கள் பொதுவாகத் தொடுவதில்லை. தொட்டாலும் மொத்தமாக ஒரு சொல்லில் தள்ளிவிடுவதே வழக்கம். 1969-ல் அகிலனின் 'பொன்மலர்' நாவலோடு தொடங்கிய ராணிமுத்து முதல் இன்றுவரை லட்சக்கணக்கான கைகளில் புரண்ட ஒரு பெரிய வாசிப்புக்கு, ஒவ்வொரு நூலாக எடுத்து நல்லது கெட்டது சொன்னவர்கள் மிகக் குறைவு. அந்த வேலையைப் பேருந்திலும் ரயிலிலும் இப்படிப்பட்ட கடை வாசல்களிலும் பெண்களே செய்து வந்திருக்கிறார்கள்.

இலக்கியப் பக்கத்திலும் புத்தகத்தை நகர்த்தியவர்கள் கையால்தான் நகர்த்தினார்கள். க.நா.சு. 'படித்திருக்கிறீர்களா?' என்ற நூலில் தனக்குப் பிடித்த தமிழ் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சுவீடனின் செல்மா லாகர்லெவையும் நார்வேயின் நட் ஹாம்சனையும் தானே மொழிபெயர்த்துத் தமிழனுக்குக் கொடுத்தார். 1959-ல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். கணையாழியின் கடைசிப் பக்கத்தில் சுஜாதா ஹைக்கூவையும் அறிவியலையும் நாட்டுப்பாடலையும் ஒரே மூச்சில் பேசி, இந்தப் பக்கத்து வாசகரை அந்தப் பக்கத்துக்கு இழுத்தார். பல இதழ்களில் இன்றும் 'வரப்பெற்றோம்' என்று தலைப்பும் பக்கமும் விலையும் மட்டும் வரிசையாக அச்சாவதைப் பார்க்கையில் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. அந்தப் புத்தகங்களில் எத்தனையோ யார் கையும் படாமல் நேராக எடைக்கு வந்துவிடுகின்றன.

நாலேகால் ரயில் போனபின் ஒரு பெண் வந்தாள். கல்லூரி முடித்த வயது. பாடப்புத்தக அடுக்கில் மண்டியிட்டு உட்கார்ந்து, எட்டாவது சமூக அறிவியல் இருக்கிறதா என்று துழாவினாள். குரூப் 4 எழுதுகிறவள் என்று கேட்காமலே தெரிந்தது. அடுக்கு சரிந்து பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு தடித்த புத்தகம் அவள் மடியில் விழுந்தது. தமிழ்மகனின் 'வெட்டுப்புலி'. 2009-ல் வந்த நாவல்.

கடைக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். திருவொற்றியூர் விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அந்தக் கம்பெனியின் பெயரில்தான் விம்கோ நகர் ரயில் நிலையம், இப்போது மெட்ரோவும்.

"வெட்டுப்புலியா? அது எங்க கம்பெனி தீப்பெட்டி பாப்பா. புலிய ஒருத்தன் வெட்டுவான் பாரு, அந்தப் படம்."

"தீப்பெட்டி பத்தின புக்கா தாத்தா?"

"அந்தப் படத்துல கீறானே, அவன் நெசமா இருந்தானா, எந்த ஊருன்னு தேடிப் போற கதை."

"அப்ப க்ரைம்."

பெரியவர் யோசித்தார். பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "தேடறதுன்னுதான் தொடங்கும். அப்புறம் நம்ம திருவள்ளூர் பக்கத்து ஊருங்கல்லாம் வரும். பெரியார் கட்சி வரும், அண்ணா வருவாரு, சினிமா வரும். தாத்தன், புள்ள, பேரன்னு போவும். க்ரைம் இல்ல. சரித்திரமும் இல்ல. கதைதான். ஆனா உள்ள இருக்கறவங்க நாம."

"பெருசா இருக்குதே."

"நடுவுல இழுக்கும், இல்லன்னு சொல்லல. சினிமாக்காரங்க வர்ற எடத்துல எனக்கு ஆளுங்க பேரு கொழம்பிடுச்சி. வுட்டுட்டுப் போவாத. அதத் தாண்டினா நிறுத்த மாட்ட."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். கண் பாடப்புத்தகத்துக்கே திரும்பிப் போனது. பெரியவர் அதைக் கவனித்துவிட்டார். "உங்க பரிச்சைல சுயமரியாதை இயக்கம் கேக்கறாங்களா இல்லியா?"

"கேப்பாங்க தாத்தா."

"கைடுல வருசத்தப் போட்டிருப்பான். அந்த வருசத்துல ஒரு வூட்டுல இன்னா சண்ட நடந்துச்சின்னு இதுல கீது."

அவள் இரண்டையும் எடுத்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்த தேர்ந்த விமர்சகர்கள் சிலரும் தவறவிடும் ஒன்றை அந்தப் பெரியவர் செய்தார். எந்த வகை நாவல் என்று நிறுவப் போய்த் தடுமாறியதும், வகையை விட்டுவிட்டு, எதிரில் இருக்கிறவளுக்கு இது எதற்கு வேண்டும் என்று பார்த்தார். குறையை மறைக்கவும் இல்லை.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை அடுத்த டீ வருவதற்குள் அக்காவிடம் சொல்லிவிட்டார். சம்பள நாளென்றால் மூர் மார்க்கெட். வீட்டுக்கு ஒரு பொருள், தனக்கொரு பழைய புத்தகம். எது வாங்கலாம் என்று கடைக்காரர்தான் எடுத்துக் கொடுப்பாராம். சென்ட்ரலை ஒட்டியிருந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985-ல் எரிந்தது. பழைய புத்தகக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் பெயர்ந்தார்கள். எரிந்த இடத்தில் எழும்பிய ரயில் நிலையம்தான் மூர் மார்க்கெட் வளாகம். கும்மிடிப்பூண்டி வண்டிகள் புறப்படுவது அங்கிருந்துதான். அத்திப்பட்டிலிருந்து சென்ட்ரலுக்குப் போகிறவர்கள் தினமும் போய் இறங்குவது ஒரு காலத்துப் புத்தகக் கடைகளின் மேல்.

பொம்மை அடுக்கில் ஒரு வடநாட்டுத் தொழிலாளி நெடுநேரமாக நின்றிருந்தார். கையில் இரும்புக்கை மாயாவி. 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்த நாயகன், பிறப்பால் ஆங்கிலேயன், சிவகாசியில் தமிழனானவன். தொழிலாளிக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கட்டம் கட்டமாக விரலை நகர்த்திப் பார்த்துக்கொண்டே வந்து, கை மட்டும் தெரிந்து ஆள் மறையும் இடத்தில் சிரித்துவிட்டார். பணம் கொடுத்து, மடித்து, சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார்.

ஐந்து மணிக்கு ஆட்டோவில் ஒரு மூட்டை வந்தது. மீஞ்சூரில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்களாம். துடைக்கும்போதே அக்காவின் கை நின்றது. காலிகோ துணி ஒட்டிய பைண்டு வால்யூம். கல்கி இதழிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த பொன்னியின் செல்வன். மணியத்தின் படங்கள் அப்படியே இருந்தன. 1950-ல் தொடங்கி 1954 வரை ஓடிய தொடரை ஒரு வீடு ஒரு வாரமும் விடாமல் எடுத்து வைத்திருக்கிறது. அக்கா புரட்டப் புரட்ட, ஓரங்களில் பென்சில் எழுத்து. பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார். ஓர் அத்தியாயத்தின் அடியில், 'இந்த வாரம் ஒன்றும் நடக்கவில்லை.' இன்னொன்றில், 'பூங்குழலிக்கு அநியாயம்.' வேறொன்றில் வெறும் ஆச்சரியக்குறி மூன்று. கொம்பும் சுழியும் நிதானமாகப் போட்ட கையெழுத்து. அந்த வீட்டில் யாரோ நாலு வருடம் வாரம் தவறாமல் மதிப்புரை எழுதியிருக்கிறார்கள். அதைப் படிப்பவர் இப்போதுதான் வந்திருக்கிறார்.

"இது இன்னா வெலைம்மா?" என்றார் பெரியவர்.

"இத நான் படிக்கணும் நைனா. அப்புறம் பாக்கலாம்."

விளக்குப் போடும் நேரத்துக்கு, மின்நிலையத்தில் ஒப்பந்த வேலை செய்யும் இளைஞர் ஒருவர் வந்தார். இவர் எடுக்கும் எதையும் முதலில் பின்பக்கமாகத்தான் திறக்கிறார். படிப்பதற்காக இல்லை. கடைசித் தாள் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. பழைய க்ரைம் நாவல் வாங்குகிறவர்களுக்கு இது அனுபவப் பாடம். அட்டை கிழிந்தால் போகட்டும், நடுவில் ஒரு தாள் போனாலும் ஊகித்துக்கொள்ளலாம். முடிச்சு அவிழும் தாள் போனால் எல்லாம் போச்சு.

கையில் போன வாரம் வாங்கியது இருந்தது. திருப்பிக் கொடுத்தார். "ஏமாத்திட்டான்க்கா. மாமனாருதான்னு மூணாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சிபோச்சி."

"எப்டி தெரியும்? நான் டிரைவர்னுல்ல நெனச்சேன்."

"கொலை நடந்த ரூம்ல ரெண்டு டம்ளர் கெடக்குது. ஒண்ணுல சக்கரை இல்லாத காபி. வூட்டுல சுகர் யாருக்கு?"

"சுகர் இருக்கறவன்லாம் கொலைகாரனா?" அக்காவுக்கு உண்மையிலேயே கோபம். "அந்தப் பொண்ணு லெட்டரு எழுதி வச்சிருக்காளே, அத நீ சரியா படிக்கல. அவன் ஏன் செஞ்சான்றதுதான் கதை. யாருன்றதுல இன்னா கீது?"

இளைஞர் பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த இரண்டாம் பேச்சு அவர் எதிர்பாராதது. புத்தகத்தை வாங்கி அந்தக் கடிதம் வரும் பக்கத்தைத் தேடி, நின்றபடியே படித்தார். டீக்கடை ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது. மூடிக் கொடுத்துவிட்டு, "இத நான் ஓட்டிட்டேன்போல" என்றார். ஆனாலும் மாமனார் விஷயத்தில் அவர் இறங்கி வரவில்லை.

சைக்கிளை ஒருக்களித்து நிறுத்திய பள்ளிக்கூடப் பையன் அதே புத்தகத்தை எடுத்தான். "நல்லாருக்குமாக்கா?"

"இந்த அண்ணன் கொலைகாரன மூணாவது அத்தியாயத்துலயே புடிச்சிட்டாராம். நான் கடைசி வரைக்கும் புடிக்கல. நீ எங்க புடிக்கறன்னு பாத்துட்டு வந்து சொல்லு. லெட்டர மட்டும் ஓட்டாத. பத்து ரூபா."