கூச்சப்பட்டா காசு போயிரும் மக்கா!

லீவுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தாச்சா? முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா? ‘அரை டிக்கெட் எடுக்க நான் என்ன சின்னப் புள்ளையா?’ன்னு முறைக்காதீங்க. ரெண்டு வருஷம் நானும் அப்படித்தான் முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அந்த முறைப்புக்கு எவ்வளவு செலவாச்சுன்னு கடைசியில சொல்றேன்.

நமக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். படிச்சது சென்னையில். தீபாவளி, பொங்கல், செமஸ்டர் லீவுன்னு வருஷத்துக்கு நாலு தடவையாவது நெல்லை எக்ஸ்பிரஸ்ல வந்து போவேன். எங்க அம்மா பீடி சுத்துறாங்க. மடியில தட்டை வச்சுக்கிட்டு, இலையை நறுக்கி, தூளை வச்சு, நூலைக் கட்டி... ஆயிரம் பீடி சுத்தி முடிச்சாத்தான் ஒரு நாள் கூலி. என் டிக்கெட் காசு அந்தத் தட்டுல இருந்துதான் வரும்.

முதல் வருஷம் காலேஜ் ஆபீஸ் ஜன்னல்ல ஒரு பையன் ரயில்வே கன்செஷன் ஃபாரம் கேட்டான். “இப்பத்தான் வருவியா? போயிட்டு நாளைக்கு வா” என்று உள்ளேயிருந்து ஒரு அதட்டல். பின்னாடி நின்ன ரெண்டு பேர் சிரிச்சாங்க. அவ்வளவுதான். ‘நமக்கெதுக்குடா இந்த அசிங்கம்’னு நான் அந்த ஜன்னல் பக்கமே போகலை. ஹாஸ்டல்ல யாராவது கேட்டா, “எங்க வீட்ல அதெல்லாம் பார்க்க மாட்டாங்க”ன்னு கெத்தா சொல்லிருவேன். எங்க அம்மா பார்த்த கணக்கு எனக்கு மட்டும்தான் தெரியும்.

ரெண்டாம் வருஷம் முடிஞ்சு திரும்பும்போது ரயில்ல எதிர் சீட்ல ஒரு மெடிக்கல் ரெப் அண்ணாச்சி. கறுப்புத் தோல் பை, மடிப்பு கலையாத சட்டை. மாசத்துல பாதி நாள் லாட்ஜ்லதான் தூக்கம்னு சொன்னார். பேச்சுவாக்குல, “ஸ்டூடண்ட் கன்செஷன்தான தம்பி?” என்றார். இல்லைன்னு தலையாட்டினேன். “ஏன், காலேஜ்ல தரலையா?” “கேக்கலை அண்ணாச்சி.” ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். “நான் கம்பெனிக் காசுல போறவன். நானே பத்து ரூபா குறையுமான்னு கேப்பேன். நீ அம்மா காசுல போறவன். உனக்கு என்ன தம்பி கூச்சம்?”

சுருக்குன்னு தைச்சது. அன்னைக்கு ராத்திரி மதுரை தாண்டுற வரைக்கும் அவர் நடத்தின வகுப்புதான் இது. பின்னாடி விசாரிச்சுத் தெரிஞ்சதையும் சேர்த்தே சொல்றேன்.

முதல்ல ரயில். வீட்டை விட்டு வெளியூர்ல படிக்கிற மாணவர்கள் லீவுக்கு ஊருக்குப் போகவும் திரும்பவும் ஸ்லீப்பர், செகண்ட் கிளாஸ்ல அடிப்படைக் கட்டணத்தில் பாதி கட்டினால் போதும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 75 சதவீதம் தள்ளுபடி. 2020 மார்ச்சில் கொரோனா வந்தப்போ முதியோர் சலுகை உட்படப் பலதையும் நிறுத்தினாங்க. மாணவர் சலுகையை நிறுத்தலை. காலேஜ்ல ஃபாரம் வாங்கி, முதல்வர் கையெழுத்து, முத்திரையோட ஸ்டேஷன் கவுன்டர்ல கொடுக்கணும். ஆன்லைன்ல இது நடக்காது, தட்காலுக்கும் கிடையாது. 2024 நவம்பரில் இருந்து முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது. அதனால லீவு தேதி தெரிஞ்ச அன்னைக்கே ஃபாரத்தைக் கேளுங்க.

உள்ளூர்ல தினமும் போய் வர்றவங்களா? சீசன் டிக்கெட் மாணவர்களுக்குப் பாதி விலை. பட்டப்படிப்பு வரைக்கும் படிக்கிற பெண்களுக்கு, வீட்டுக்கும் காலேஜுக்கும் இடையே செகண்ட் கிளாஸ் மாதாந்திர சீசன் இலவசம். என் தங்கச்சி அம்பையில ஏறி சேரன்மகாதேவி வழியா பேட்டையில இறங்குறா. செங்கோட்டை லைன்ல இப்படி எத்தனை பொண்ணுங்க போறாங்க, அதுல எத்தனை பேருக்கு இது தெரியும்?

அடுத்து பஸ். முன்பதிவு செய்து அரசு பஸ்ல மாசத்துக்கு அஞ்சு தடவைக்கு மேல போறவங்களுக்கு, ஆறாவது பயணத்துல இருந்து பாதிக் கட்டணம்னு 2023ல கொண்டு வந்தாங்க. வாராவாரம் இன்டர்வியூ, கோச்சிங்னு அலையுறவங்க பயணக் கணக்கு எப்படிச் சேரும்னு கேட்டுட்டு புக் பண்ணுங்க.

இப்ப லாட்ஜ். இதுலதான் நான் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டவன். க்ளாஸ் பசங்க அஞ்சு பேரை ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குக் கூட்டிட்டு வந்தேன். சாரல், அருவி, கூட்டம்... சாதாரண நாள்ல கேக்குறதைப் போல மூணு மடங்கு வாடகை கேட்டாங்க. ‘லோக்கல் பையன்’ங்கிற கெத்துல வாயைத் திறக்காம கொடுத்துட்டேன். எங்க ஊர் அல்வாவை எனக்கே கொடுத்துட்டாங்க!

அண்ணாச்சி சொன்னது ரொம்ப சிம்பிள். காலியா கிடக்கிற ரூமை மறுநாள் விக்க முடியாது. அதனால ரூம் காலியா இருக்கிற நாள்ல கேளு, குறையும். நிறையுற நாள்ல எவ்வளவு கெஞ்சினாலும் குறையாது. திருநெல்வேலின்னா முகூர்த்த நாள், ஆனித் தேரோட்டம். திருச்செந்தூர்னா சூரசம்ஹாரம். குற்றாலம்னா சீசன் சனி, ஞாயிறு. இந்த நாளை எல்லாம் தள்ளிட்டு ஒரு செவ்வாய், புதன்ல போய்ப் பாருங்க.

ஆப்ல ரேட் பாருங்க. பார்த்துட்டு லாட்ஜுக்கே நேரா போன் போடுங்க. ஆப்காரங்களுக்குக் கமிஷன் போகுதுல்ல, அதுல கொஞ்சம் உங்களுக்கு விட்டுத்தர மேனேஜருக்கு மனசு வரும். “மாசம் ரெண்டு தடவை வருவேன், இங்கேயேதான் தங்குவேன்”னு சொல்லுங்க. சொன்னா அங்கேயே போங்க. மூணாவது தடவை நீங்க கேக்க வேண்டாம், அவரே குறைப்பார். இதுக்குப் பேர்தான் வாடிக்கை. பெரிய ஹோட்டல்ல கார்டு, பாயின்ட்னு இங்கிலீஷ்ல கொடுக்கிறதும் இதைத்தான்.

இன்னும் ரெண்டு கேள்வி மறக்காதீங்க. ஒண்ணு, ‘24 மணி நேரமா, பகல் 12 மணி செக்-அவுட்டா?’ ராத்திரி ரயில்ல போய்க் காலையில இறங்குறவங்களுக்குப் பகல் 12ங்கிறது சில இடத்துல ரெண்டு நாள் வாடகையில கொண்டு போய் விட்டுரும். ரெண்டு, ‘சொன்ன ரேட்ல வரி சேர்த்தியா?’ 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள ரூமுக்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பழைய 12 சதவீதத்தைப் போட்டா கேளுங்க. குளிச்சுக் கிளம்ப மட்டும்னா, பெரிய ஜங்ஷன்கள்ல ரயில்வே ஓய்வு அறை இருக்கு. கையில இருக்கிற டிக்கெட்டோட பி.என்.ஆர். நம்பரை வச்சே புக் பண்ணலாம்.

எல்லாத்தையும் சொல்லிட்டு அண்ணாச்சி ஒண்ணு சேர்த்தார். “பேரத்தை முதலாளிகிட்ட வச்சுக்கோ தம்பி. வெந்நீர் கொண்டு வர்ற பையன்கிட்டேயும் ஆட்டோக்காரர்கிட்டேயும் வச்சுக்காதே. அவங்க வீட்லயும் உங்க அம்மா மாதிரி ஒருத்தங்க இருப்பாங்க.” இதை நீங்க எழுதி வச்சுக்கிட்டாலும் தப்பில்லை.

மூணாம் வருஷம் தீபாவளிக்கு அதே ஜன்னல்ல போய் நின்னேன். கை வேர்த்துச்சு. “சார், ரயில்வே கன்செஷன் ஃபாரம்”னு கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன். அதட்டல் வந்துது. நகரலை. ஃபாரம் வந்துது! திரும்பினா என் பின்னாடி மூணு பேர். அதுல ஒருத்தன் என் ரூம்மேட். “எனக்கும் ஒண்ணு வாங்குடா”ங்கிறான். ‘எங்க வீட்ல அதெல்லாம் பார்க்க மாட்டாங்க’ன்னு அவனும் ரெண்டு வருஷமா சொன்னவன்தான்!

கணக்கு சொல்றேன்னேன்ல? ஸ்லீப்பர் டிக்கெட் 400 ரூபாயை ஒட்டி வரும். ரிசர்வேஷன், சூப்பர்ஃபாஸ்ட் கட்டணத்துக்குச் சலுகை இல்லை. அதைக் கழிச்சாலும் ஒரு தடவைக்கு 150 ரூபாய்க்குக் குறையாம மிஞ்சியிருக்கும். ரெண்டு வருஷத்துல போக, வர 16 பயணம். 2,400 ரூபாய். எங்க அம்மா ஒரு வாரத்துக்கும் மேல குனிஞ்ச தலை நிமிராம சுத்தின பீடி அது. என் கெத்துக்குக் கூலி கொடுத்தது அவங்க.

அம்மாகிட்ட இதை இன்னும் சொல்லலை. தங்கச்சி வாசிச்சுக் காட்டினா தெரிஞ்சுக்குவாங்க. திட்டட்டும்.

நீங்க நாளைக்குக் காலையில ஆபீஸ் ஜன்னல் திறந்ததும் முதல் ஆளா போய் நில்லுங்க. பின்னாடி யார் சிரிக்கிறான்னு பார்க்காதீங்க. அவனுக்கும் ஃபாரம் வேணும்.