பந்து இல்லாத மாதம்

மெல்பர்ன், டிசம்பர் 2025

அன்புள்ள நண்பருக்கு,

ஐ.பி.எல்.லில் சென்னை அணி ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கிய சேதி வந்த அன்று போனில் பொருமித் தீர்த்தீர்கள். "2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துல பத்து ரன் அடிச்சுக் கொடுத்தவனை எப்படிய்யா தூக்கிக் கொடுப்பானுங்க?" என்று கேட்டீர்கள். நான் சிரித்ததில் உங்களுக்கு வருத்தம். உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நீங்கள் ஒரு வாரம் பட்ட பாட்டை இந்த ஊர் வருஷா வருஷம் அக்டோபரில் படுகிறது. அதுவும் ஆசை ஆசையாக, ஃபுட்டிக்காக.

இங்கே ஃபுட்டி என்பது நாம் பார்த்து வளர்ந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்து. கையால் பிடிக்கலாம், குத்தித் தள்ளலாம், உதைக்கலாம். கிரிக்கெட் மைதானம் முழுக்கப் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் ஓடுவார்கள். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை எம்.சி.ஜி. மைதானத்தில் லட்சம் பேர் முன்னால் இறுதி ஆட்டம் முடிந்ததும் பந்தை மூட்டை கட்டிவிடுவார்கள். அக்டோபர் பிறந்ததும் ட்ரேட் காலம். யார் போகிறான், யார் வருகிறான், யாரை லிஸ்டிலிருந்து எடுத்தார்கள் என்பதுதான் ரயிலிலும் அலுவலகச் சமையலறையிலும் முடிவெட்டும் கடையிலும் பேச்சு. ஆட்டம் நடக்கிற மாதங்களில் வாயே திறக்காதவர்கள்கூட இந்தப் பத்து நாளில் நிபுணர்கள் ஆகிவிடுவார்கள்.

ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் பிடிபடாதது ஒன்று உண்டு. இங்கே ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் காசு கொடுத்து ஆளை வாங்க முடியாது. சம்பளத்துக்கும் எல்லாக் கிளப்புக்கும் ஒரே உச்சவரம்பு. நெல்லைக் கொடுத்து உப்பு வாங்கிய காலம் மாதிரி ஆளுக்கு ஆள், இல்லாவிட்டால் ஆளுக்கு 'பிக்'. பிக் என்றால் நவம்பர் டிராஃப்டில் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் ஒரு இடம். கடைசியாக வந்த கிளப்புக்கு முதல் வாய்ப்பு. பணமும் பெயரும் உள்ள கிளப்புகளே எப்போதும் ஜெயித்துக்கொண்டிருக்கக் கூடாது என்று 1986-ல் தொடங்கிய ஏற்பாடு. 2015 முதல் அடுத்த ஆண்டின் பிக்கையும் இந்த ஆண்டே கொடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஆக, எங்கோ ஒரு ஊரில் பதினோராம் வகுப்புப் படித்துக்கொண்டிருக்கும் பையன், தான் இன்னார் என்று யாருக்கும் தெரியும் முன்பே கைமாறிவிடுகிறான்.

இந்தக் கணக்கு ரசிகர்களை என்ன செய்கிறது என்பதை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பார்த்தேன். தகப்பன் ஒரு கிளப்புக்கு நூறு ஆட்டம் ஆடியிருந்தால் மகனை எடுக்க அந்தக் கிளப்புக்கு முன்னுரிமை. ஆனால் சும்மா கிடையாது. வேறு கிளப் எந்த இடத்தில் அவன் பெயரைச் சொல்கிறதோ, அந்த இடத்துக்குரிய புள்ளிகளைத் தன் பிக்குகளால் கட்ட வேண்டும். 2021-ல் காலிங்வுட் கிளப்பின் பீட்டர் டைகோஸ் மகன் நிக் டைகோஸ் டிராஃப்டுக்கு வந்தான். தகப்பன் 250 ஆட்டம் ஆடியவர். அல்ஜீப்ரா என்றால் அழுகிற என் மகள் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதைய அட்டவணைப்படி முதல் பிக்குக்கு 3000 புள்ளி, நான்காவதற்கு 2034. மகன் என்பதால் இருபது சதம் தள்ளுபடி. போக 1627. காலிங்வுட் கையிலுள்ள பின்வரிசைப் பிக்குகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, "கட்டிடலாம்பா!" என்று கத்தினாள். கோல்ட் கோஸ்ட் கிளப் நான்காவது இடத்தில்தான் பெயரைச் சொன்னது. காலிங்வுட் கட்டியது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் உறுத்தலாகவும் இருந்தது. பதினெட்டு வயசுப் பையனுக்குத் தள்ளுபடி போக என்ன விலை என்று என் பெண் தசமப் புள்ளி வரை போட்டிருந்தாள்.

பக்கத்து வீட்டில் ஒரு அம்மாள் இருக்கிறார். மெல்பர்ன் டிராமில் கண்டக்டராக இருந்தவர். கண்டக்டர்களே வேண்டாம் என்று அரசு முடிவெடுத்தபோது, 1990 ஜனவரியில் ஊழியர்கள் டிராம்களை நகரத் தெருக்களிலேயே வரிசையாக நிறுத்திப் போராடினார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்தில் நின்றவர். வேலை பிறகு போகத்தான் போனது. 1998-க்குப் பின் இந்த ஊர் டிராமில் கண்டக்டர் என்று யாரும் இல்லை. பரம்பரை காலிங்வுட் ரசிகர். மருமகன் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் ரசிகர்.

2020 நவம்பர் நினைவிருக்கிறதா? நீண்ட ஊரடங்கு அப்போதுதான் தளர்ந்திருந்தது. அந்த வருஷம் ட்ரேட்டும் நவம்பருக்குத் தள்ளிப்போயிருந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுதான் பேச்சு. காலிங்வுட் சம்பள வரம்பில் மாட்டிக்கொண்டது. பெரிய பெரிய நீண்ட ஒப்பந்தங்களை எழுதிக் கொடுத்துவிட்டுக் கை நெருக்கடி. ஜெய்டன் ஸ்டீவன்சனை நார்த் மெல்பர்னுக்கு அனுப்பினார்கள். 2018-ல் ஆண்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது வாங்கியவர். டாம் ஃபிலிப்ஸ் ஹாதர்னுக்கு. கடைசியில் ஆடம் ட்ரெலோர்.

ட்ரெலோர் கதைதான் ஊரை உலுக்கியது. 2015-ல் இரண்டு முதல் சுற்றுப் பிக்குகளைக் கொட்டிக் கொடுத்துக் கொண்டுவந்த ஆள். 2025 வரை ஒப்பந்தம் இருந்தது. போக விருப்பமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் துணைவி கிம் ரவாலியன் நெட்பால் ஆட்டக்காரர். குயின்ஸ்லாந்து அணியில் சேர்ந்து கைக்குழந்தையோடு அங்கே போக இருந்தார். குடும்பம் அங்கே, ஆள் இங்கே என்றால் ஆட்டம் என்னவாகும் என்று தெருவே விவாதித்தது. அவர்கள் வீட்டு விஷயத்தில் நமக்கு என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. ட்ரேட் முடிகிற கடைசி நாளில் 14-ம் பிக்குக்கும் அடுத்த ஆண்டு இரண்டாம் சுற்றுப் பிக்குக்கும் அவரைப் புல்டாக்ஸுக்குக் கொடுத்தார்கள். கூடவே சில பின்வரிசைப் பிக்குகள், போதாததற்கு அவர் சம்பளத்தில் ஒரு பகுதி. காசையும் கொடுத்து ஆளையும் கொடுத்த வியாபாரம்.

அந்த அம்மாள் மறுநாள் வேலியோரம் வந்தார். கையில் பேத்தியின் கறுப்பு வெள்ளை காலிங்வுட் ஜம்பர். முதுகில் 7. ட்ரெலோரின் எண். "கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கும்போதே ஆளைக் கழட்டி விடுறாங்க. இது எனக்குப் புதுசா?" என்றார். நெயில் கட்டரின் முனையால் அந்த எண்ணின் ஓரத்தை நெம்பிக்கொண்டே பேசினார். தையல் கெட்டியாக இருந்தது. ஒரு மூலை மட்டும் பிரிந்து தொங்கியது. அதற்குள் போன் வந்து உள்ளே போய்விட்டார். அடுத்த ஆண்டு 7-ம் எண்ணை நிக் டைகோஸின் அண்ணன் ஜோஷுக்குக் கொடுத்தார்கள். பிரிந்த மூலையைத் திரும்பத் தைத்துப் பேத்தி போட்டுக்கொண்டாள்.

2021-ல் காலிங்வுட் பதினெட்டில் பதினேழாவது. புல்டாக்ஸ் இறுதி ஆட்டம் வரை போனது. ட்ரெலோரும் ஆடினார். மருமகனுக்கு அந்த வருஷம் மாமியார் வீட்டுச் சாப்பாடு எப்படி இறங்கியது என்று எனக்குத் தெரியும், நானும் அங்கே ஒரு நாள் சாப்பிட்டேன். பிறகு கிரெய்க் மெக்ரே பயிற்சியாளராக வந்தார், காற்று திரும்பியது. 2022-ல் ஜி.டபிள்யூ.எஸ். கிளப்பிலிருந்து பாபி ஹில் வந்தார். புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆண்டு அது. அவருக்காகக் காலிங்வுட் பெரிய விலை எதுவும் கொடுக்கவில்லை. 2023 இறுதி ஆட்டத்தில் நாலு கோல் அடித்து, ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தை அவரே வாங்கினார். பிரிஸ்பேனை நாலே புள்ளியில் ஜெயித்தார்கள்.

"பார்த்தியா, அன்னைக்குச் செஞ்சது சரிதான்" என்று 2020-ல் குமுறியவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். இதைத்தான் நான் ஒப்பவில்லை. ஹில் அடித்த கோல் ட்ரெலோருக்குச் செய்ததை எப்படிச் சரியாக்கும்? ட்ரெலோர் ஒன்றும் ஓய்ந்துபோன ஆள் இல்லை. 2024-ல் நாட்டின் சிறந்த அணி என்று தேர்ந்தெடுக்கும் ஆல் ஆஸ்திரேலியனில் இடம் பிடித்தார். கோப்பை வந்தால் பழைய கணக்கெல்லாம் நேராகிவிடும் என்பது ஜெயித்தவன் வசதிக்காகச் சொல்லிக்கொள்வது. அதே 2023-ல் சீசனின் பெரும்பகுதி ஓடிய ஜான் நோபிளுக்கு இறுதி ஆட்டத்தில் இடமில்லை. அடுத்த ஆண்டு அவரும் கோல்ட் கோஸ்ட்டுக்குப் போனார். அவரைப் பற்றி யாரும் வேலியோரம் வந்து பேசவில்லை.

எனக்கு இங்கே பொறுக்காதது இன்னொன்று. கிளப் ஆளை அனுப்பினால் நிர்வாகத் திறமை. ஆள் தானாகக் கிளம்பினால் துரோகம். ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ் என்ற பையன் தெற்கு ஆஸ்திரேலியாக்காரன். 2021 டிராஃப்டில் முதல் பிக். நார்த் மெல்பர்ன் எடுத்தது. டிராஃப்டில் ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பையனுக்குக் கிடையாது. யார் பெயரைச் சொல்கிறார்களோ அந்த ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். தோற்றுக்கொண்டே இருந்த கிளப். ஒரே சீசன், ஊருக்குப் போகிறேன் என்றான். 2022-ல் போர்ட் அடிலெய்டுக்குப் போய்விட்டான். நார்த் வெறுங்கையோடு நிற்கவில்லை, தன் முதல் பிக்கையும் சேர்த்துக் கொடுத்தாலும் பதிலுக்கு டிராஃப்டின் இரண்டாம், மூன்றாம் பிக்குகள் கிடைத்தன. ஆனாலும் அவன் மெல்பர்னில் பந்தைத் தொட்டால் கூவினார்கள். என் அலுவலகத்தில் அவனை "விசுவாசமில்லாதவன்" என்று ஓயாமல் திட்டியவர் ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறியவர். நான் திருநெல்வேலியிலிருந்து. இரண்டு பேருமே சொந்த ஊரை விட்டுவிட்டு வேறு இடத்தில் நல்ல சம்பளம் என்று வந்தவர்கள். பத்தொன்பது வயசுப் பையன் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் வேலை வேண்டும் என்று கேட்டால் தீர்ப்புச் சொல்ல நாங்கள்தான் கிடைத்தோமா என்று கேட்டேன். "நீ ஃபுட்டியைப் புரிஞ்சுக்கலை" என்றார். இருக்கலாம்.

இந்த ஆண்டு அழுகை மெல்பர்ன் கிளப் பக்கம். 57 ஆண்டுகளுக்குப் பின் 2021-ல் அவர்களுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த கிறிஸ்டியன் பெட்ராக்காவும் கிளேடன் ஆலிவரும் ஒரே அக்டோபரில் போய்விட்டார்கள். முன்னவர் கோல்ட் கோஸ்ட்டுக்கு, பின்னவர் ஜி.டபிள்யூ.எஸ்.ஸுக்கு. அந்தக் கிளப்பின் ரசிகர் ஒருவர் என்னோடு ரயிலில் வருவார். யார் போனார் என்று சொல்ல மாட்டார், "பிக் என்ன வந்தது தெரியுமா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தால் ஆளின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா.

ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரரை அவர் சம்மதம் இல்லாமல் வேறு கிளப்புக்கு மாற்ற முடியாது. ட்ரெலோரும் கடைசியில் சம்மதித்துத்தான் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்ட வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்திருக்க முடியும்? இந்தச் சம்மத விதியையும் எடுத்துவிட்டால் என்ன, பெரிய சம்பளக்காரர்களுக்காவது எடுத்துவிடலாமே என்ற பேச்சு அவ்வப்போது எழும். ஆட்டக்காரர் சங்கம் இசையவில்லை.

போன வாரம் வேலியோரம் அந்த அம்மாளிடம் இதைக் கேட்டேன். எடுத்துவிட வேண்டும் என்றார், யோசிக்கவே இல்லை. கிளப்புக்கு ஒரு உயரமான முன்கள ஆள் உடனே வேண்டுமாம். ஒப்பந்தம், சம்மதம் என்று பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த கோப்பையைத் தான் உயிரோடு இருந்து பார்க்க முடியாதாம்.

"டிராமை நடுத்தெருவில் நிறுத்தினவங்க நீங்க" என்றேன்.

"அது டிராம்" என்றார். "இது காலிங்வுட்."

அன்புடன்,
உங்கள் மெல்பர்ன் நண்பன்