ஃபவாராவின் பாதாம் ஆட்டுக்குட்டிகள்

அச்சிலிருந்து வெளியே வரும்போது அந்த ஆட்டுக்குட்டிக்கு முகம் என்று ஒன்று இருப்பதில்லை. மடக்கிய கால்கள், சுருள் சுருளான ரோமம், சற்றே நிமிர்ந்த தலை எல்லாம் தெளிவாக விழுந்திருக்கும். கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சின்னக் குழி. பளிங்கு மேசை முழுக்க அப்படிப்பட்ட குட்டிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. இவற்றுக்குப் பார்வை கொடுப்பவர்களைப் பார்க்கத்தான் சிசிலித் தீவின் ஃபவாரா ஊருக்குப் போயிருந்தேன்.

அக்ரிஜெந்தோ நகரத்தை ஒட்டிய சிறு நகரம் ஃபவாரா. ஒரு காலத்தில் கந்தகச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த ஊர். சுரங்கங்கள் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. இன்று ஈஸ்டர் நெருங்கினால் இத்தாலியர் இந்த ஊரை நினைப்பது, பாதாமும் சர்க்கரையும் சேர்த்துச் செய்து, வயிற்றுக்குள் பிஸ்தா வைத்த ஆட்டுக்குட்டிக்காக. பாகு காய்ச்சத்தான் அடுப்பு வேண்டும். உருப்பிடித்த பிறகு எதையும் சுடுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிருந்த ‘கொலேஜோ தி மரியா’ என்ற கன்னியர் இல்லத்தில்தான் இந்த இனிப்பு பிறந்தது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள்.

என்னோடு துணைக்கு வந்தவள் பலெர்மோவில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். போருக்குத் தப்பிப் போன தமிழர் பலர் குடியேறிய நகரம் அது. அவர்களில் இந்துக்களும்கூட பெல்லெக்ரீனோ மலையேறிப் புனித ரொசாலியாவைக் கும்பிட்டு வருவார்கள். இந்தப் பெண் பலெர்மோவில் ஒரு இனிப்புக் கடையின் சமையற்கட்டில் வேலை செய்கிறாள். பாதாம் மாவில் பீச், எலுமிச்சை, சப்பாத்திக்கள்ளிப் பழம் என்று உருட்டி வண்ணம் தீட்டும் வேலை. ‘மர்த்தொரானா’ என்று பெயர் பெற்ற அந்தப் பழங்களில் அவளுக்குக் கை தேர்ந்துவிட்டது. “பழம் செய்யிறது லேசு அக்கா. பழம் எங்களைப் பாக்காது. மறி அப்பிடியில்லை, எங்களைப் பாக்கும்” என்றாள் பேருந்தில். வழியெல்லாம் கோதுமை பச்சையாக நின்றது. பாதாம் மரங்களில் பூ உதிர்ந்து, பஞ்சுத்தோல் போர்த்த பச்சைப் பிஞ்சுகள் பிடித்திருந்தன.

நாங்கள் போன பட்டறை, கடையின் பின்கட்டில் ஒரு நீள அறை. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய வாரம். ஐந்து பெண்கள். தவக்காலம் முழுக்க வருவார்கள், ஈஸ்டர் முடிந்ததும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். ஒருவர் ஒலிவத் தோட்டத்துக்கு, இருவர் வீடுகளில் முதியோரைப் பார்த்துக்கொள்ள. அவர்களில் மூத்தவருக்கு எழுபது வயதைத் தாண்டியிருக்கும். எல்லோரும் அவரைச் ‘சிஞ்ஞோரா’ என்றே கூப்பிட்டார்கள்.

வேலை பாதாமில் தொடங்குகிறது. கொதிநீரில் போட்டு எடுத்த பருப்பை இரு விரலுக்கிடையில் அழுத்தினால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். உரித்ததை நன்றாக உலர்த்தி அரைக்கிறார்கள். ஈரம் தங்கினால் எண்ணெய் கக்கிவிடும். சிஞ்ஞோரா இனிப்புப் பாதாமுடன் கசப்புப் பாதாமையும் சேர்த்தார், நூற்றுக்கு இரண்டோ மூன்றோ. அதற்கு மேல் போனால் கசக்கும், உடம்புக்கும் ஆகாது. போடாவிட்டால் மணமே எழாது. உலகச் சந்தைக்கு வரும் பாதாமில் முக்கால் பங்குக்கு மேல் கலிஃபோர்னியாவில் விளைகிறது. விலையும் அதுதான் குறைவு. ஆனால் அதில் இந்த மணம் கிடையாது என்று அவர் அடித்துச் சொன்னார். இரண்டையும் வாயில் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுகிறார்கள். நம் வீட்டில் மைசூர்பாகுக்குப் பார்க்கிற அதே கம்பிப் பதம்தான். பாகைத் தொட்டு விரலைப் பிரித்து நூலைப் பார்த்துவிட்டு, பாதாம் மாவைக் கொட்டி மரக்கரண்டியால் கிளறுகிறார்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது பளிங்கின் மேல் கவிழ்த்து, கை பொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும். ஆறிவிட்டால் வெடிக்கும். சூட்டோடு அவசரப்பட்டால் அச்சில் கோடு விழாது. அந்த இடைவெளி கொஞ்சம்தான். ஐந்து பெண்களும் அப்போது பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அச்சு ஜிப்சத்தில் வார்த்தது. கடையை நடத்தும் குடும்பத்தின் பழைய அச்சுகள் பல தலைமுறைக் கைபட்டு மஞ்சளேறி, ஓரம் மழுங்கிப் போயிருந்தன. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, பாதாம் மாவை விரலால் அழுத்தி அழுத்திப் பரப்புகிறார்கள். காது, மூக்கு, குளம்பு என்று ஒவ்வொரு மூலைக்கும் கட்டைவிரல் தனியாகப் போகிறது. நடுவில் விடும் பள்ளத்தில் பிஸ்தாவை அரைத்துச் சர்க்கரையில் கட்டிய பச்சை விழுது. பிஸ்தாவுக்குப் பெயர் பெற்றது எட்னா எரிமலைச் சரிவிலுள்ள பிரோந்தே. அங்கே ஓராண்டு விட்டு ஓராண்டுதான் அறுவடை. இவர்கள் பக்கத்திலிருக்கும் ராஃபதாலியின் பிஸ்தாவை வாங்குகிறார்கள். மேலே இன்னொரு அடுக்குப் பாதாம் மாவு வைத்து மூடி, தட்டில் கவிழ்த்தால் குட்டி படுத்திருக்கிறது.

இந்த உள்ளடக்கம் ஊருக்கு ஊர் மாறும். மேற்கே, மலையுச்சியிலிருக்கும் எரிச்சேயில் பிஸ்தாவுக்குப் பதில் நாரத்தைப் பாகு. இத்தாலியின் குதிகாலிலுள்ள லெச்சேயில் பெனடிக்டின் கன்னியர் ஈஸ்டருக்கு ஆட்டுக்குட்டியும் கிறிஸ்துமஸுக்கு மீனும் இதே பாதாமில் செய்கிறார்கள்.

எரிச்சே என்றதும் மரியா கிராமாத்திக்கோவைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. தந்தை இறந்து, வளர்க்க வழியில்லாமல், 11 வயதில் அங்கிருந்த சான் கார்லோ கன்னியர் இல்லத்தில் விடப்பட்டவர். கிலோ கிலோவாகப் பாதாம் உடைப்பதும் இடிப்பதும் சிறுமிகளின் வேலை. செய்முறையைக் கன்னியர் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. பார்த்துப் பார்த்தே மனத்தில் ஏற்றிக்கொண்டு, இருபதுகளில் வெளியே வந்து, சொந்தக் கடை வைத்தார். எழுத்தாளர் மேரி டெய்லர் சிமெத்தியுடன் சேர்ந்து 1994-இல் அவர் கொண்டுவந்த ‘பிட்டர் ஆல்மண்ட்ஸ்’ நூலில் அந்த வாழ்க்கை முழுவதும் இருக்கிறது. ஈஸ்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் இந்தக் குட்டிகளின் பின்னால், வெளியுலகம் பார்க்காத பெண்களின் கை இருந்தது. இதை அறிந்துகொண்டுதான் இந்த இனிப்பைச் சாப்பிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

முகத்துக்கு வருவோம். ஒரு நாள் உலர்ந்து மேல்தோல் இறுகிய பிறகுதான் தூரிகை தொடும். ரோமத்தின் மேல் சிலவற்றுக்கு வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு. மூக்கில் இளஞ்சிவப்பு ஒரு தொடுகை. கழுத்தில் நாடா. முதுகில் ஒரு சின்னச் சிவப்புக் கொடி. சுற்றிலும் வெள்ளி உருண்டை மிட்டாய்களும், பொன்தாள் சுற்றிய சாக்லெட் முட்டைகளும். இதையெல்லாம் மற்ற நால்வரும் செய்தார்கள். கண்ணை மட்டும் சிஞ்ஞோரா செய்தார். கோகோவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பு.

எப்படி எழுதுவது என்று எங்கள் பெண் கேட்டாள். அவர் சொன்னதை அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்: “கண் பெரிசா இருந்தா அது விளையாட்டுப் பொம்மையாப் போயிடுமாம். பயந்த கண்ணும் எழுதக் கூடாதாம். இது பலியான குட்டிதான், ஆனா கொடி பிடிச்சிருக்கெல்லே, உயிர்த்திட்டுது. அதால முழிச்சிருக்கோணும், கொஞ்சம் கீழ பாக்கோணும், சாப்பிட வாற பிள்ளையைப் பாக்கிற மாதிரி.”

நான் மேசையைத் திரும்பப் பார்த்தேன். முடித்த குட்டிகள் எல்லாமே கீழ்நோக்கித்தான் பார்த்தன. வேறு கடைகளில் கண்ட, இயந்திரத்தில் ஒரே அச்சாகப் புள்ளி வைத்த குட்டிகள் நேராக எங்கோ வெறித்திருந்தன. அவற்றின் விலை குறைவு. அவற்றை வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அழகு என்று நாம் எளிதாகச் சொல்லிவிட்டுப் போகும் ஒன்றைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறார், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஒரு பெண். பெட்டியின் மேல் கடையின் பெயர் இருக்கிறது. அவர் பெயர் எங்கும் இல்லை.

பிற்பகலில் சிஞ்ஞோரா தூரிகையை எங்கள் பெண்ணிடம் நீட்டினார். அவள் பழத்துக்கு வண்ணம் தீட்டிய பழக்கத்தில் முதலில் சாயத்தை அதிகமாக எடுத்துவிட்டாள். சிஞ்ஞோரா அவள் மணிக்கட்டைப் பிடித்துத் துணியில் ஒரு முறை ஒற்றவைத்தார். அடுத்ததில் கண் சரியாக விழுந்தது. அப்புறம் அவளை நிறுத்தவில்லை. ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டு வந்தது.

கிளம்பும் முன் செய்முறையைக் கேட்டோம். எழுதி வைத்தது எதுவும் அங்கே இல்லை. அவர் சொல்லச் சொல்ல, அவள் கைப்பேசியில் தமிழில் தட்டிக்கொண்டே வந்தாள்: பாதாம் ஒரு கிலோ, சீனி ஒரு கிலோ, தண்ணி கால் லிட்டர். “கால் லிட்டரா, எப்பவுமா?” என்று அவள் கேட்டதும் சிஞ்ஞோரா தலையை ஆட்டி மறுத்தார். ஆப்பிரிக்காவிலிருந்து சிரோக்கோ காற்று வீசும் நாளில் மாவு காயாது, அன்றைக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். எவ்வளவு என்று கேட்டாள். காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து பார், சர்க்கரை டப்பாவுக்குள் கையை விட்டுப் பார், கட்டி தட்டியிருந்தால் ஒரு கை தண்ணீர் குறை என்றார். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.