நான்காம் சிலிண்டர்

காரின் கணினி தீப்பொறியை ஒருபோதும் பார்ப்பதில்லை. அது கவனிப்பது கிராங்க் தண்டின் வேகத்தை மட்டுமே. ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் பற்றி எரியும்போது தண்டு ஒரு கணம் முடுக்கம் பெறுகிறது. ஒன்றில் எரியாமல் போனால் அந்தக் கணத்தில் சுழற்சி மிகச் சிறிதளவு தளர்கிறது. அந்தத் தளர்ச்சிகளை எண்ணிக்கொண்டே வரும் கணினி, வரம்பு கடந்ததும் ‘பி0304’ என்று பதிந்து வைக்கிறது. நான்காம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பது அதன் பொருள். ஏன் தவறுகிறது என்பதை அந்தக் குறியீடு சொல்வதில்லை. ஸ்பார்க் பிளக் தேய்ந்திருக்கலாம், இக்னிஷன் காயில் பழுதாகியிருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், சிலிண்டரில் அழுத்தமே குறைந்திருக்கலாம். இடத்தைச் சுட்டும் சொல்லைக் காரணம் சொல்லும் சொல்லாக வாசித்துவிடுவது ஆய்வேடுகளிலும் அரிதன்று.

கல்கத்தாவில் முப்பது ஆண்டுகளாக அறிவியல் வரலாறு கற்பிக்கும் தமிழ்ப் பேராசிரியை ஒருவருக்கு இந்தக் குறியீடு வந்து சேர்ந்தது ஒரு மழைக்காலத்தின் இறுதியில். வண்டி அவர் விரும்பி வாங்கியதன்று. சிட்னிக்குக் குடிபெயர்ந்த தம்பி விட்டுச்சென்ற பழைய போர்ஷே பாக்ஸ்டர். பல ஆண்டு வெயிலையும் அடித்தளத்தில் தேங்கும் மழைநீரின் ஈரத்தையும் பார்த்த வண்டி. பழுதுபார்க்கும் நிலையம் ஒன்று கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் ஆறு பிளக்குகள், ஆறு காயில்கள், தேவைப்பட்டால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று எழுதியிருந்தது. கடைசி வரி வெறும் மிரட்டலன்று. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய்க் கன்வெர்ட்டரில் எரிந்தால் அதன் பீங்கான் கூடு உருகிவிடும்; எச்சரிக்கை விளக்கு மினுக்கத் தொடங்கினால் வண்டியை ஓட்டக்கூடாது என்பது அதனால்தான். தாளில் இருந்த தொகை அவருடைய இரண்டு மாத ஊதியத்தைத் தாண்டியது. அதைவிட அவரை உறுத்தியது வேறொன்று: எது கெட்டது என்று கேட்டதற்கு, எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்பதே பதிலாக வந்தது.

அவர் அழைத்தது தாதாவை. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாணவர்களும் ஆசிரியர்களும் தாதா என்றே அழைத்துப் பழகிய மனிதர். அவர் பேராசிரியையை ‘தீதி’ என்பார். விளையாட்டுக் கார் எதையும் அவர் அதுவரை தொட்டதில்லை. ஆனால் ஆய்வகத்தின் தூண்டல் சுருளை எத்தனையோ முறை பிரித்துப் பூட்டியவர். காருக்குள் இருப்பதும் அதன் பேரப்பிள்ளைதான்: தடித்த கம்பிச் சுற்றில் பன்னிரண்டு வோல்ட் மின்னோட்டம், அதைச் சட்டென்று துண்டித்தால் மெல்லிய கம்பிச் சுற்றில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலான அழுத்தம், முனையில் ஒரு பொறி. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை பொறி தர வேண்டும்.

இதே வகைச் சுருளைக் கொண்டுதான் ஜகதீஷ் சந்திர போஸ் 1890களின் நடுவில் பிரசிடென்சி கல்லூரியில் மில்லிமீட்டர் அளவுள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கினார். அவருடைய தொடக்கக் காலக் கருவிகளைச் செய்து கொடுத்தவர் பெரும்பாலான நூல்களில் ‘முறையான பயிற்சியற்ற ஒரு தகரக் கொல்லர்’ என்ற அளவிலேயே இடம்பெறுகிறார். பதினேழாம் நூற்றாண்டில் ராபர்ட் பாயிலின் ஆய்வகத்தில் உழைத்த உதவியாளர்களைப் பற்றி ஸ்டீவன் ஷேப்பின் 1989இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘கண்ணுக்குத் தெரியாத ஆய்வக உதவியாளர்’ என்று பொருள்படும். பேராசிரியை ஆண்டுதோறும் முதுகலை வகுப்பில் நடத்தும் கட்டுரை அது. நமது கல்லூரிகளில் அந்தக் கண்மறைவுக்குச் சாதியும் ஒரு திரை என்பதை வகுப்பில் அவர் சொல்லத் தவறுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டம்டம்மிலிருந்து மெட்ரோவில் வந்து இறங்கினார் தாதா. எஞ்சின் இரவு முழுவதும் ஆறியிருக்க வேண்டும் என்பது அவருடைய முதல் நிபந்தனை. சூடான அலுமினியத்திலிருந்து பிளக்கைக் கழற்றினால் மரையும் சேர்ந்து வந்துவிடலாம். பாக்ஸ்டரில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் படுத்துக் கிடக்கிறது, பக்கத்துக்கு மூன்று சிலிண்டர்கள். வண்டியை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரங்களைக் கழற்றிய பிறகுதான் காயில்கள் கைக்கு எட்டின.

பேராசிரியை புதிய பிளக்குகளை வாங்கி வைத்திருந்தார். தாதா அவற்றைத் திறக்கவே விடவில்லை. புதியதைப் போட்டால் வண்டி ஓடும், ஆனால் கெட்டது எது என்பது ஒருநாளும் தெரியாது என்றார். நான்காம் சிலிண்டரின் காயிலை ஐந்தாவதற்கும், நான்காவதன் பிளக்கை ஆறாவதற்கும் மாற்றிப் போடச் சொன்னார். அங்கிருந்தவை நான்காவதற்கு வரும். குறியீடு ஐந்துக்கு நகர்ந்தால் குற்றம் காயிலில். ஆறுக்கு நகர்ந்தால் பிளக்கில். நான்கிலேயே நின்றுவிட்டால் இரண்டும் நிரபராதிகள், இன்ஜெக்டரையோ அழுத்தத்தையோ பார்க்க வேண்டும். ஒரே சோதனை, மூன்று விடைகள், செலவு ஏதுமில்லை. ஆய்வு முறையியல் என்ற பெயரில் ஒரு பருவம் முழுவதும் நடத்தப்படும் பாடங்களில் இவ்வளவு சுத்தமான சோதனை வடிவமைப்பு அதிகம் கிடைக்காது.

பிளக்கைத் திரும்பப் பூட்டும் இடத்தில் தாதா தன் பையிலிருந்து ஒரு சாண் ரப்பர் குழாயை எடுத்தார். குழாயின் ஒரு முனையைப் பிளக்கின் தலையில் செருகி, மறுமுனையை விரல்களால் உருட்டினால் பிளக் தானாக மரையில் இறங்குகிறது. மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும். பிளக் நிற்கும், எஞ்சின் தலைப்பகுதி தப்பிக்கும். ஸ்பேனரின் நீண்ட பிடி அந்த எதிர்ப்பைக் கைக்குத் தெரிவிக்காது. கடைசி இறுக்கத்துக்கு மட்டும் டார்க் ரெஞ்ச், 30 நியூட்டன் மீட்டர், உலர்ந்த மரையில். மரையில் கிரீஸ் தடவியிருந்தால் உராய்வு குறைந்து, கருவி அதே எண்ணைக் காட்டும்போதே பிளக் கூடுதலாக இறுகிவிடும். கருவி அளப்பது திருகும் விசையைத்தான், பிடிப்பை அன்று. இரண்டுக்கும் இடையில் இருப்பது உராய்வு பற்றிய ஓர் அனுமானம்.

பேராசிரியை குறிப்பேட்டுடன் அமர்ந்து ஆறு பிளக்குகளையும் விவரித்து எழுதினார். ஐந்தின் நுனி வெளிர்பழுப்பு, நலமான எரிதலின் நிறம். நான்காவது பெட்ரோல் ஈரத்துடன் கறுத்திருந்தது. அதன் வெண்பீங்கான் மீது பென்சிலால் இழுத்ததுபோல ஒரு செங்குத்துக் கரிக்கோடு. மின்சாரம் நுனிவரை போகாமல் வெளிப்புறமாகவே உலோகத்துக்குத் தாவிய தடம் அது. ஆறிலும் பீங்கானின் அடியில் ஒரு பழுப்பு வளையம் இருந்தது. ‘வாயுக் கசிவு’ என்று அதற்கு எதிரே எழுதிக்கொண்டார். தாதா அப்போது வண்டிக்கு அடியில் இருந்தார்.

எஞ்சினை ஓடவிட்டு, விளக்கு மினுக்கியதும் உடனே நிறுத்தினார்கள். குறியீடு ‘பி0305’. காயிலை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது அதன் உறையில் மயிரிழை வெடிப்பு ஒன்று தெரிந்தது. அதே பக்கத்தின் இன்னொரு காயிலிலும் அப்படி ஒன்று. அடுத்த ஞாயிறு இரண்டு காயில்களையும், வயதாகிவிட்டபடியால் ஆறு பிளக்குகளையும் மாற்றினார்கள். மற்ற நான்கு காயில்களை மாற்ற தாதா சம்மதிக்கவில்லை. அவையும் அதே மழையைப் பார்த்தவைதாமே என்று பேராசிரியை வாதாடியதில் நியாயம் இருந்தது. வண்டி அவருடையது என்றாலும் அன்று முடிவு தாதாவுடையதாக இருந்தது.

காலனியக் கல்கத்தாவின் கருவி செய்வோர் பற்றிப் பேராசிரியை எழுதிக்கொண்டிருந்த கட்டுரையில், கைத்திறன் சோதனை வடிவமைப்பாக மாறும் இடத்தை விளக்க இந்த இரண்டு ஞாயிறுகளும் ஒரு பகுதியாயின. தாதாவை இணையாசிரியராகச் சேர்க்க முடிவு செய்தார். நன்றியுரையில் ஒரு வரி போதும் என்று சக பேராசிரியர்கள் இருவர் சொன்னார்கள். யோசித்ததை எழுதியவரும் செய்ததைச் செய்தவரும் ஒன்றல்ல என்பது அவர்கள் வாதம். மாற்றிப் போடும் சோதனையை யோசித்தது யார் என்று அவர் திருப்பிக் கேட்டார். ஆய்விதழின் இணையப் படிவத்தில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் பட்டம், நிறுவனம், நிறுவன மின்னஞ்சல் ஆகிய மூன்றும் கட்டாயம். தாதாவிடம் மூன்றும் இல்லை. பதிப்பாசிரியருக்கு நீண்ட கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தார்.

அதற்கிடையில் கட்டுரையின் அந்தப் பகுதியை வங்காளியில் வாய்மொழியாகப் பெயர்த்துத் தாதாவுக்கு வாசித்துக் காட்டினார். தாதா கண்களை மூடிக்கொண்டு கேட்டார். பழுப்பு வளையம் வந்த இடத்தில் கை உயர்த்தி நிறுத்தினார். அது கசிவு அன்று, தீதி. உயர் மின்னழுத்தம் காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகளைப் பீங்கானோடு இழுத்து ஒட்டிய கறை. நல்ல பிளக்கிலும் வரும். இப்படியே அச்சேறினால் படிக்கிறவர்கள் நல்ல பிளக்கைத் தூக்கி எறிவார்கள். அந்த வரியை மாற்றிவிட்டு மேலே வாசிக்கச் சொன்னார்.