அக்காவின் 22 வருட சர்வீஸ்

நாகர்கோவில் பக்கத்திலிருந்து மூன்று சரக்குகள் வெளியே போகும் என்று எங்கள் வீட்டில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு: ரப்பர், கிராம்பு, டீச்சர். ரப்பருக்கு ஒரு வாரியம் இருக்கிறது. கிராம்புக்கும் இருக்கிறது. டீச்சருக்குத்தான் இல்லை. இந்த வேடிக்கைக்குள் இருக்கும் வினை எனக்கு முழுதாக விளங்கியது, என் பெரியம்மா மகள் 22 வருடம் வெளிநாடுகளில் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியபோதுதான்.

அக்கா முதல் ஆள் அல்ல. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு 'எத்தியோப்பியா சார் வீடு' என்றே பெயர். 1941-ல் இத்தாலியர்கள் வெளியேற்றப்பட்ட பிறகு பேரரசர் ஹெய்லி செலாசி எத்தியோப்பியாவின் பள்ளிகளை மீண்டும் கட்டி எழுப்பினார். உயர்நிலை வகுப்புகளில் பாடமொழி ஆங்கிலம். ஆங்கிலத்தில் கணக்கும் விஞ்ஞானமும் நடத்த உள்ளூரில் ஆட்கள் போதவில்லை. இந்தியாவிலிருந்து, முக்கியமாகக் கேரளத்திலிருந்து, ஆசிரியர்கள் கப்பலேறினார்கள். எல்லையோரத்து நாகர்கோவில்காரர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். 1974-ல் பேரரசர் கவிழ்க்கப்பட்டு ராணுவ ஆட்சி வந்த பிறகும் பலர் அங்கேயே தொடர்ந்தார்கள்.

சார் 1980களின் தொடக்கத்தில் திரும்பிவிட்டார். சிறுமியாக நான் அவரிடம் கதை கேட்கப் போவேன். வருடத்துக்கு 13 மாதம் உள்ள காலண்டர், நம் காலை ஏழு மணியை ஒரு மணி என்று காட்டும் கடிகாரம் எல்லாம் அவர் சொல்லித் தெரிந்ததுதான். தங்கைகளின் கல்யாணத்தை முடித்தார், மாடி வீடு கட்டினார். ஆனால் கடைசிவரை அந்த மாடியில் டியூஷன் எடுத்துத்தான் சாப்பிட்டார். காரணம், அவருக்கு ஓய்வூதியம் கிடையாது. அதைப் பற்றி அந்த வயதில் நான் கேட்டதில்லை.

அக்கா போனது 1997-ல், மாலத்தீவுக்கு. எம்.எஸ்சி., பி.எட். முடித்த 26 வயதுப் பெண். ஊரில் தனியார் பள்ளி கொடுத்த சம்பளம் பஸ்ஸுக்கும் புடவைக்கும் சரியாக இருந்தது. திருவனந்தபுரத்தில் நேர்முகத் தேர்வு. அங்கிருந்து மாலேவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அதன் பிறகு தான் பணியாற்ற வேண்டிய தீவுக்குப் படகில் போகத்தான் நாள் முழுக்க ஆனது. அந்தப் படகுக்கு அங்கேயும் தோணி என்றுதான் பெயர். தமிழில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த எனக்கு அக்கா எழுதிய முதல் கடிதத்தில் இருந்த பெரிய செய்தி அதுதான்.

தீவில் மீனவர்களின் பிள்ளைகள். திவேஹி பேசும் அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கணக்குப் படித்து, லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் திருத்தப்படும் தேர்வை எழுத வேண்டும். பிள்ளை தடுமாறுவது கணக்கிலா, கேள்வியின் ஆங்கிலத்திலா என்று கண்டுபிடிப்பதற்குள் முதல் வருடம் போய்விட்டது என்பார் அக்கா. அதற்காகவே திவேஹி கற்றுக்கொண்டார். பாடத்தை நடத்த அல்ல, பிள்ளைகள் தங்களுக்குள் என்ன பேசிக் குழம்புகிறார்கள் என்று காதில் வாங்க.

2004 டிசம்பர் 26 அன்று அவர் விடுமுறையில் நாகர்கோவிலில் இருந்தார். சுனாமி எங்கள் கரையில் குளச்சலையும் மணக்குடியையும் அடித்தது. அதே அலை மாலத்தீவின் தீவுகள் மீதும் ஏறி இறங்கியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக அங்கே நூறு பேருக்கு மேல். "இனி போக வேண்டாம்" என்று பெரியம்மா காலைப் பிடிக்காத குறை. ஜனவரியில் அக்கா கிளம்பிவிட்டார். அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: "பிள்ளைகளுக்கு இந்த வருஷம் பரீட்சை."

2006-ல் ஓமனில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. அப்போது நான் தில்லியில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்துவிட்டிருந்தேன். அதனால் அக்காவின் சான்றிதழ்கள் என் கைக்கு வந்தன. பட்டத்துக்கு மாநில அரசின் முத்திரை, பிறகு பட்டியாலா ஹவுஸில் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, பிறகு தூதரகத்தின் முத்திரை. ஆவணங்களை ஒரே முத்திரையில் ஏற்கும் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005-ல்தான் சேர்ந்திருந்தது. ஓமன் அப்போது சேரவில்லை. தமிழில் இருந்த பிறப்புச் சான்றிதழை ஆங்கிலமாக்கினேன். வரிசையில் நின்றேன். பட்டங்கள் எல்லாம் முத்திரை வாங்கி ஜம்மென்று எல்லை தாண்டின.

தாண்டாதது அந்த ஒன்பது வருடம். மாலத்தீவு அனுபவத்துக்கு அவர் கையில் இருந்தது ஒரே ஒரு பக்கக் கடிதம். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணியாற்றினார், பணி திருப்திகரமாக இருந்தது, அவ்வளவுதான். எந்த வகுப்பு, எந்தத் தேர்வு, எத்தனை பிள்ளைகள் தேறினார்கள் என்று ஒரு வரி கிடையாது. புதிய பள்ளி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது எங்கள் பாடத்திட்டத்தில் பெற்ற அனுபவம் அல்ல என்று சொல்லி, ஆரம்பச் சம்பளத்தில் வைத்தது. 35 வயதில், நேற்று பி.எட். முடித்தவர்களுக்கு அடுத்த நாற்காலி.

கோளாறு அந்தப் பள்ளியோடு முடிவதல்ல. இந்தியாவில் டாக்டருக்கு மருத்துவ கவுன்சிலில் பதிவு உண்டு, வக்கீலுக்கு பார் கவுன்சில் உண்டு. அவர் வேலை பார்க்கும் இடம் மாறினாலும் பதிவு அவர் பெயரில் இருக்கும். ஆசிரியருக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில் பயிற்சிக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்துகிறது. அங்கே படித்து வெளியே வரும் ஆளைப் பதிவு செய்வதில்லை. ஆக, ஆசிரியரின் அனுபவம் அவருக்குச் சொந்தமானதல்ல. அது தலைமையாசிரியரின் லெட்டர்ஹெட்டுக்குச் சொந்தம். உள்ளூரில் இருக்கும்வரை இது உறைக்காது; சுங்கச் சாவடி ஒவ்வொன்றிலும் வெளிநாட்டு ஆசிரியருக்கு உறைக்கும்.

2019-ல் 48 வயதில் அக்கா திரும்பினார். தங்கைகளின் கல்யாணமும் அண்ணனின் வீட்டுக் கடனும் அவர் சம்பளத்தில் முடிந்திருந்தன. தனக்கென்று கல்யாணம் வைத்துக்கொள்ளவில்லை. கையில் பணிக்கொடையாக ஒரு தொகை, ஓய்வூதியம் கிடையாது. ஊரில் ஒரு பள்ளி நிர்வாகி பணிவாகவே பேசினாராம்: "உங்களுக்கு அனுபவம் ஜாஸ்தி மேடம், எங்களுக்குக் கட்டுப்படியாகாது." எந்த அனுபவத்தை ஓமன் பள்ளி இல்லை என்றதோ, அதையே இங்கே அதிகம் என்றார்கள்.

அவரைத் தூக்கி நிறுத்தியது அடுத்த வருடம் வந்த ஊரடங்கு. பள்ளிகள் கம்ப்யூட்டர் திரைக்கு மாறியபோது பழைய மாணவி ஒருத்தி மாலேவிலிருந்து கூப்பிட்டாள், தன் தம்பிக்குக் கணக்குச் சொல்லித்தர முடியுமா என்று. ஒருவன் நாலு பேரானான். இன்று நாகர்கோவில் வீட்டின் முன்னறையிலிருந்து கேம்பிரிட்ஜ் கணக்கு நடத்துகிறார் அக்கா. 22 வருடத்தில் எல்லை தாண்டியும் செல்லுபடியானது, அந்தத் தேர்வின் நெளிவுசுளிவு அவருக்குத் தெரியும் என்பது ஒன்றுதான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், எங்கள் குடும்பத்தில் அடுத்த தலைமுறை பெட்டி கட்டுவதுதான். அண்ணன் மகள் இயற்பியலில் எம்.எஸ்சி., பி.எட். இங்கிலாந்து 2023 பிப்ரவரியில் தன் ஆசிரியர் தகுதியை, க்யூ.டி.எஸ். என்பார்கள், இந்தியா உள்ளிட்ட மேலும் சில நாடுகளின் ஆசிரியர்களுக்கும் திறந்துவிட்டது. இந்தியர் என்றால் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு, விஞ்ஞானம் அல்லது மொழிப்பாடம் நடத்தப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். குறைந்தது ஒரு கல்வியாண்டு அனுபவம் வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. ஆனால் தகுதி கிடைத்தால் வேலையும் விசாவும் கிடைத்துவிட்டன என்று அர்த்தமில்லை. அவற்றைத் தனியாகத் தேட வேண்டும்.

"போகட்டுமா அத்தை?" என்று அவள் எங்கள் இரண்டு பேரையும் கேட்டாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா பதில் சொல்லிவிட்டார். "போ மக்களே. அங்க உன் பேரு ரெஜிஸ்டர்ல இருக்கும். பள்ளிக்கூடம் மாறினாலும் அழியாது." பிறகு விரல்விட்டு எண்ணினார்.

ஒவ்வொரு வருட முடிவிலும் தலைமையாசிரியரிடம் கடிதம் வாங்கு: வகுப்பு, பாடம், தேர்வு, முடிவு எல்லாம் எழுதி. வேலையை விடும் நாளில் கேட்டால் அவருக்கு அவசரம் இருக்கும், இல்லை கோபம் இருக்கும். பல நாடுகளில் நடக்கும் ஒரு தேர்வை அடிமுதல் நுனிவரை கற்றுக்கொள். சி.பி.எஸ்.இ. இந்தியர்கள் இருக்கும் நாடுகளுக்குத்தான் உன்னைக் கூட்டிப்போகும். கேம்பிரிட்ஜ் அதையும் தாண்டிப் போகும். முதல் சம்பளத்திலேயே உனக்கென்று ஓய்வூதியக் கணக்கு தொடங்கு. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் வெளிநாடு வாழ் இந்தியரும் சேரலாம். தம்பி படிப்பு, வீட்டுக் கடன் எல்லாம் அதற்கு அப்புறம். கடைசியாகச் சொன்னதை அவர் அண்ணனுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

இந்த நாலில் மூன்றாவது ஒரு டீச்சர் தானே செய்துகொள்ளக்கூடியது. மற்றதை நாடு செய்யலாம். ஆசிரியர்களை இத்தனை நாடுகளுக்கு அனுப்பிய தேசம், அவர்களின் பெயரையும் அனுபவத்தையும் எழுதிவைக்க ஒரு பதிவேடு தொடங்குவது பெரிய செலவல்ல.

அக்கா இருந்த தீவுப் பள்ளியில் இப்போது கணக்கு நடத்துவது அவரிடம் படித்த பையன். வெளியூர் டீச்சர் அங்கே இனி தேவையில்லை. "உங்க நாற்காலியை அவன் எடுத்துக்கிட்டானே" என்று ஒருமுறை சீண்டினேன். அக்கா கரும்பலகைக்குப் பதிலாகச் சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்த ஊர்ப் பிள்ளை அங்க நிக்கணும்னுதானே போனது" என்றார். அந்த ஒரு பக்கக் கடிதத்தில் எழுதாமல் விட்டது இதைத்தான்.