வைக்கோல் கட்டின் முன்னே

ஜப்பானிய வில்வித்தையான கியூடோவைக் கற்க வருபவர், 28 மீட்டர் தொலைவில் மணல்மேட்டில் ஊன்றப்பட்டிருக்கும் 36 சென்டிமீட்டர் விட்டமுள்ள இலக்கைப் பார்த்தபடியேதான் பயிற்சிக்கூடத்துக்குள் நுழைகிறார். ஆயினும் அதை நோக்கி அம்பு விடும் வாய்ப்பு அவருக்குப் பல வாரங்களுக்குப் பிறகே, சில கூடங்களில் பல மாதங்களுக்குப் பிறகே கிடைக்கிறது. முதலில் கையில் தரப்படுவது வில்கூட அன்று, கைப்பிடியோடு இணைத்த ரப்பர்ப் பட்டை மட்டுமே. கால்களை அகற்றி ஊன்றுவது முதல், அம்பு பறந்த பின்னும் நிலை குலையாமல் நிற்கும் ஸான்ஷின் வரை, எட்டுப் படிகளாக வகுக்கப்பட்ட அசைவுகளை அதைக்கொண்டே உடலில் பதிய வைக்கிறார்கள்.

அடுத்தது மாக்கிவாரா, அதாவது இறுக்கிக் கட்டிய வைக்கோல் உருளை. வில்லின் நீளமளவே, ஏறத்தாழ 2 மீட்டரே, விலகி நின்று எய்வதால் இங்கே அம்பு தவற வழியில்லை. பார்ப்பவருக்கு இது வீண் தாமதமாகத் தோன்றலாம். புதியவருக்கு ஓர் ஆசிரியர் செய்யக்கூடிய பேருதவி இதுவே எனலாம். இலக்கு கண்ணில் பட்டதும் கவனம் முழுவதும் அங்கே ஓடிவிட, தோள் உயர்வதும் மூச்சு அடைபடுவதும் நாணை அவசரமாக விடுவதும் அவர் அறியாமலே பழக்கமாகிவிடுகின்றன. தற்செயலாக நடுவில் தைக்கும் ஓர் அம்பு, அந்தப் பிழைகளுக்கெல்லாம் நற்சான்று வழங்கிவிடுகிறது.

பிழைகளுள் பல வலக்கையில் வெளிப்படுகின்றன. யுகாகே எனப்படும் மான்தோல் கையுறையில் கட்டைவிரல் பகுதி விறைப்பாக இருக்கும். அதன் அடியிலுள்ள பள்ளத்தில் நாண் பொருந்த, அடுத்துள்ள விரல்கள் கட்டைவிரலின் மேல் படிகின்றன. நாண் காதைக் கடந்து பின்னே செல்லும்வரை வில்லை விரித்து, மார்பு இருபுறமும் தொடர்ந்து அகல நிற்கும் நிலை காய் எனப்படும். அந்த விரிவு நிற்காமல் தொடர்ந்தால் நாண் தானாகவே கழன்று செல்கிறது. புதியவரோ அதற்குக் காத்திராமல் விரல்களை மலர்த்திவிடுகிறார். உடனே அம்பு கோணலாகப் பாய்கிறது, சில வேளைகளில் நாண் கன்னத்தையோ முன்னங்கையையோ அறைந்து சிவக்க வைக்கிறது.

1924 முதல் 1929 வரை செண்டாய் நகரில் மெய்யியல் கற்பித்த ஜெர்மானியர் ஆய்கன் ஹெரிகல், அங்கே அவா கென்ஸோ என்னும் ஆசானிடம் வில் பயின்று, 1948இல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உலகெங்கும் பலரை இக்கலையின்பால் ஈர்த்த அந்நூலுக்கு நன்றி உரியது. ஆயினும் நாண் கழலும் கணத்தை அது ஜென் சார்ந்த மறைபொருளாக்கிவிட்டதால், அதைப் படித்துவிட்டு வருபவர்கள் பாதம் ஊன்றும் பாடத்தை வெறும் முன்னுரையாக எண்ணிவிடுகிறார்கள். ஹெரிகலும் நெடுங்காலம் வைக்கோலின் முன்னேதான் நின்றார் என்பதை அதே நூல் சொல்கிறது. மூட்டுகளும் தசைகளும் ஒழுங்காக அமைவதன் விளைவே அக்கணம் என்று சொல்வதால் கலையின் மேன்மை சற்றும் குறைவதில்லை.

28 மீட்டருக்கு வந்த பின்பும், இலகுவான வில்லிலிருந்து கிளம்பும் முதல் அம்புகள் பல மணல்மேட்டை எட்டாமல் புல்லில் சறுக்கி விழுகின்றன. அப்போது ஆசிரியர் அம்பைப் பாராமல் மாணவரின் தோளையும் முழங்கையையுமே பார்த்துத் திருத்துகிறார். உயர்தரம் பெற்ற வில்லாளர்களும் அன்றாடப் பயிற்சியை மாக்கிவாராவில் சில அம்புகள் எய்தே தொடங்குவது வழக்கம்.